வினிதாவுக்கு ஆடிட்

கம்பெனிக்குத் தரம் பார்க்க ஆடிட் வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது கமலக்கண்ணனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாகச் சோதனைப் பிரிவில் இருந்தான். ஆடிட்டுக்கு முதல் நாளே தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடித்துவிட வேண்டும். கிழிந்த கையுறைகளை ஒளித்துவிட்டுப் புதுசு கொடுக்க வேண்டும். கேள்வி கேட்டால் திருதிருவென்று விழிக்கிற ஆட்களைக் கேன்டீன் பக்கம் அனுப்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழித்துப்போட்ட பாகங்கள் கிடக்கும் சிவப்புத் தொட்டியைக் கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். வருகிறவர்கள் கண்ணில் அந்தத் தொட்டி பட்டால் ஆர்டர் போச்சு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்கி வைப்பதில்லையா, இதுவும் அப்படித்தான் என்பது அவன் கட்சி.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் ஒரு வியாழக்கிழமை அவன் ஆடிட்டுக்குத் தயார் செய்தது தன் மகளை. கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வினிதாவுக்கு ஆறு வயது. நாலு வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு முற்றத்தில் மற்ற பிள்ளைகளோடு ஓடுவாள். பத்து எட்டு வைப்பதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிடும். அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, முட்டி இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். ஐந்து நிமிடம் ஆனதும் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து மறுபடி ஓடப்போவாள். நோஞ்சான் பிள்ளை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவனும் மனைவி பொற்கொடியும் அதை நம்பினார்கள். நம்புவதற்குச் செலவில்லை அல்லவா.

பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, சத்தம் சரியில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் விஷயம் கனத்தது. கமலக்கண்ணனிடம் அரசாங்கத் தொழிலாளர் காப்பீட்டு கார்டு இருந்தது. அந்தக் காப்பீட்டு மருந்தகத்தில் இருந்த டாக்டர் ஜோதியம்மாளும் நெஞ்சைக் கேட்டார், முகம் மாறியது. வரிசையில் நூறு பேர் நின்றதால் மேற்கொண்டு பேசாமல் ஒரு படிவத்தை நிரப்பி, "மாடியில டிவி ரூம் இருக்கு. வியாழக்கிழமை பெங்களூர் ஹார்ட் டாக்டர் டிவியில பாப்பார். அவர் சொல்றதுதான் இனி" என்று கையில் கொடுத்துவிட்டார்.

அதை வாங்கிக்கொண்டு போனவன் நேராக வியாழக்கிழமைக்குக் காத்திருந்தால் கதையே இல்லை. அவன் மாதேஷிடம் யோசனை கேட்டான். மாதேஷ் பாகலூர்க்காரன், பக்கத்து லேத்தில் வேலை. எந்தச் சங்கதியைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"குரு, நான் சொல்றத கேளு. எங்க ஊர்ல ஒரு அம்மாவ இப்டித்தான் டிவியில காட்டுனாங்க. ரொம்ப முத்திப்போச்சு, ஆபரேஷன் தாங்காதுன்னு அங்கருந்தே திருப்பி வுட்டுட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க நல்ல கேஸாப் பாத்துத்தான் எடுப்பாங்க. டேபிள்ல போயிட்டா அவங்க பேரு கெட்டுப்பூடும் இல்ல?"

அந்த அம்மாவுக்கு வயது எண்பது என்பதை மாதேஷ் சொல்லவில்லை. கமலக்கண்ணனும் கேட்கவில்லை. அவன் மண்டைக்குள் அதற்குள் சிவப்புத் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்பது வருடமாக அவன் கையாலேயே எத்தனை பாகங்களை அதில் போட்டிருக்கிறான். மேலே ஒரு கீறல் தெரிந்தால் போதும், உள்ளே எப்படி என்று யாரும் பார்ப்பதில்லை. தன் பிள்ளை அப்படிக் கழிபட்டுவிடக் கூடாது என்று அவன் முடிவு கட்டினான்.

மாதேஷ் வீட்டு வேலியிலிருந்தே மருதாணி வந்தது. பொற்கொடி அரைத்தாள்.

"கைக்கு வச்சாப் போதாதா? நகத்துக்கெல்லாம் எதுக்குங்க இம்புட்டு?"

"நகந்தான் நீலமா இருக்கு. டிவியில பளிச்சுன்னு தெரியுமாம்ல."

"டாக்டருகிட்ட காட்டத்தான போறோம்? மறைச்சா எப்படி?"

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்."

காலையில் முகத்துக்குப் பவுடர். உதட்டுச் சாயம் பூசலாம் என்று கூட அவனுக்குத் தோன்றியது, பொற்கொடி முறைத்ததால் விட்டுவிட்டான். அதற்குப் பதில் பெட்டிக்கடையில் சிவப்பு மிட்டாய் நாலு வாங்கி, வழிநெடுக ஒன்று மாற்றி ஒன்றாகச் சப்பக் கொடுத்தான். மருந்தகம் போய்ச் சேர்வதற்குள் உதடும் நாக்கும் வெற்றிலை போட்டாற்போல் ஆகிவிட்டன. ஷேர் ஆட்டோவிலேயே பாடமும் நடந்தது.

"மூச்சு வாங்குதான்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"இல்ல சார்."

"வெளையாடயில நடுவுல உக்காருவியான்னு கேட்டா?"

"உக்கார மாட்டேன் சார்."

"கெட்டிக்காரி. அங்கன குத்தவைக்கவே கூடாது. நின்னுக்கிட்டே இருக்கணும். உக்காந்தா நம்மள எடுத்துக்க மாட்டாக, ஆபரேஷன் பண்ண மாட்டாக."

"பண்ணா என்னப்பா?"

"ஸ்கூல்ல ரன்னிங் ரேஸ் ஓடலாம்ல."

வினிதா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

மாடிக்கு இருபத்திரண்டு படி. பிள்ளைக்கு மூச்சு வாங்கிவிடக் கூடாது என்று அவனே தூக்கிக்கொண்டு போனான். அறையில் ஒரு பெரிய டிவி, அதன் தலைமேல் காமிரா, ஒரு நாற்காலி. அதையெல்லாம் ஓட்டுகிற சுகுணா கிருஷ்ணகிரிப் பெண். வந்தவர்களுக்கெல்லாம் ஒரே விளக்கத்தை வாய் வலிக்காமல் சொல்லுவாள்.

"அண்ணா, மொதல்லயே சொல்லிடறேன். ஒரு ஃபாரத்துக்கு ஒரு தடவ டிவி டாக்டர்கிட்ட காட்டறதுக்குத்தான் இன்சூரன்ஸ்ல பெங்களூருக்குப் பணம் கட்டுவாங்க. பதினஞ்சு நிமிசம். அதுல அவரு ஆபரேஷன்னு எழுதினா ஆபரேஷன் செலவும் இன்சூரன்ஸ்தான். அப்புறம் பாக்கலாம்னு எழுதிட்டா அவரு சொன்ன தேதி வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. அதனால எல்லாத்தயும் ஒண்ணு விடாம சொல்லிடுங்க."

கடைசி வார்த்தையை அவன் காதில் வாங்கவில்லை. பதினைந்து நிமிடம் என்றதுமே சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

திரையில் கண்ணாடி போட்ட டாக்டர் வந்தார். கன்னடம் கலந்த தமிழ், கனிவான பேச்சு. "பேரு வினிதாவா? ஒள்ளே ஹெசரு, நல்ல பேரு" என்று சிரித்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய கருவியில் எண் சரியாக வரவில்லை. மருதாணி இருந்தால் சில சமயம் அப்படித்தான், போகட்டும் என்றார். நாக்கை நீட்டச் சொன்னார். சிவப்பாக நீட்டினாள்.

"ஓடறப்போ உதடு நீலமா ஆகுதா?"

"இல்ல சார். நல்லா ஓடுவா சார்" என்றான் கமலக்கண்ணன்.

"நடுவுல குந்திக்கறாளா? முழங்கால் கட்டிக்கறாளா? இது ரொம்ப முக்கியம், யோசிச்சு சொல்லுங்க."

முக்கியம் என்று சொன்னார் பாருங்கள், அதுதான் அவனுக்கு வினையாயிற்று. கழிக்கிற கேள்வி இதுதான் என்று கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு, "இல்லவே இல்ல சார்" என்றான். பொற்கொடி வாயைத் திறந்தாள். அவன் ஒரு பார்வை பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் குழந்தையையே கேட்டார். வினிதா காமிராவுக்கு நேராக நிமிர்ந்து நின்று, "உக்கார மாட்டேன் சார்" என்று கணீரென்று ஒப்பித்தாள். டாக்டருக்குச் சந்தோஷம். நல்ல பிள்ளை, தைரியமான பிள்ளை என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

சுகுணா பிரிண்டரிலிருந்து தாளை உருவினாள். "நல்ல சேதிண்ணா. சத்தம் இருக்குதாம், ஆனா தொந்தரவு ஒண்ணும் இல்லாததால அவசரம் இல்லியாம். ஆறு மாசம் கழிச்சி வரச் சொல்லியிருக்காரு."

"ஆபரேஷன்?"

"நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்குண்ணா இப்ப ஆபரேஷன்? முடியாத புள்ளைங்க எத்தினி பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்களதான மொதல்ல எடுப்பாங்க?"

கமலக்கண்ணன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முடியாதவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள். ஒன்பது வருட வேலையில் இப்படி ஒரு தலைகீழ் வரிசையை அவன் கண்டதில்லை. "அடுத்த வாரம் இன்னொருக்க காட்ட முடியாதாம்மா?" என்று கெஞ்சினான். இந்தப் படிவம் முடிந்துவிட்டது, புதிதாக ஏதாவது தொந்தரவு வந்ததென்று கீழே டாக்டரம்மா எழுதினால்தான் இன்சூரன்ஸ் இன்னொரு தடவைக்குக் கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள்.

அடுத்த இரண்டு நாளும் அவனுக்கு இருப்பு கொள்ளவில்லை. கம்பெனியில் ஒரே பிரேக் தட்டை மூன்று முறை சோதித்தான். சோதித்ததை மறந்து நாலாம் முறையும் எடுத்தான். நல்ல பாகம் இரண்டைச் சிவப்புத் தொட்டியில் போட்டு, சூப்பர்வைசரிடம் மாட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் நிற்பான், உட்காருவான், வாசலுக்குப் போவான், பிள்ளையின் உதட்டையே பார்ப்பான். ஆறு மாதத்தை விரலில் எண்ணி எண்ணிப் பார்த்தாலும் ஆறு மாதம் ஆறு மாதமாகவே இருந்தது. பொற்கொடி வெள்ளிக்கிழமை முழுக்கப் பேசவில்லை. சனிக்கிழமை பேசினாள், பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்படி.

"ஆடிட்டுக்கு வாரவன் கண்ணுல மண்ணத் தூவுங்க, கம்பெனிக்காரன் கூலி குடுக்குறான். வைத்தியம் பாக்குறவர் கண்ணுலயா தூவுவாக? நானும் வாய மூடிக்கிட்டு நின்னேனே, எனக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு முற்றத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். வினிதாவும் ஓடினாள். வழக்கமாக உட்கார்ந்துவிடுகிற பிள்ளை அன்று உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நின்ற வாக்கிலேயே சரிந்தாள். கமலக்கண்ணன் ஓடிப்போய்த் தூக்கியபோது முகம் கன்றிப்போய்க் கண் செருகியிருந்தது. பொற்கொடிதான் பிள்ளையை மடியில் போட்டு, முட்டி இரண்டையும் மடக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள். யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல, மகள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் தன்னைத்தானே கொன்றுவிடலாம்போல் வெறுத்தான்.

திங்கட்கிழமை வெள்ளென மருந்தகத்தின் கதவைத் திறக்கும்போதே மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். பொற்கொடி சீட்டு வரிசைக்குப் போனாள். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ஜோதியம்மாளிடம் போனான். நடந்ததைக் கேட்டதும் அவர் பேனாவை எடுத்தார்.

"மயக்கம் வந்திருக்கு, நீலமாயிருக்கு. சரி, மறுபடி டிவிக்கு எழுதறேன். இந்த மாதிரி உடம்பு நீலமாகறது எப்பலேருந்து?"

ரெண்டு வருஷமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ரெண்டு வருஷம் என்றால் போன வியாழக்கிழமை சொன்னது பொய் என்று ஆகிவிடும். பொய் என்றால் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்களோ, என்னவோ. அதோடு புதிதாக வந்தால்தான் இன்சூரன்ஸ் கட்டும் என்று சுகுணா சொல்லியிருந்தாள். அந்த நிமிடம் அவனுக்கு எல்லாம் வசதியாகப் பொருந்தியது.

"நேத்துலேருந்துதான் மேடம்."

ஜோதியம்மாள் அப்படியே எழுதினார். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் மூடிவிட்ட நிம்மதியில் அவன் அன்றிரவு கொஞ்சம் தூங்கினான். பாவம், அவ்வளவு அறிவு.

மறு வியாழக்கிழமை மிட்டாய் இல்லை, பவுடர் இல்லை, நகத்தில் மருதாணி மட்டும் அழியாமல் இருந்தது. மாடிப்படியில் அவனே தூக்கிக்கொண்டு ஏறினான், அது மட்டும் பழக்கமாகிவிட்டது. இந்த முறை ஜோதியம்மாளும் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறையில் இருந்தார். டிவி டாக்டர் படிவத்தைப் படித்தார், நெற்றியைச் சுருக்கினார்.

"போன வாரம் ஒண்ணுமே இல்ல. திடீர்னு ஞாயிற்றுக்கிழமையிலேருந்து ஆரம்பம். அப்போ நான் வேற மாதிரி யோசிக்கணும். ரத்தத்துல கிருமி சேர்ந்து இதயத்தைத் தாக்கியிருக்கலாம். முதல்ல அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து ரத்தப் பரிசோதனை பண்ணுங்க, மருந்து குடுங்க. மூணு வாரம், நாலு வாரம் ஆகும். அதுக்கப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்."

"ஞாயித்துக்கிழமையிலேருந்தா?" என்றாள் பொற்கொடி. டாக்டரைப் பார்த்துக் கேட்கவில்லை. புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

இல்லாத கிருமிக்கு மருந்து. அதற்கு நாலு வாரம். கமலக்கண்ணன் நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டான். கார்டு போனால் போகட்டும், வேலையே போனாலும் போகட்டும் என்று ஒரு வேகம் வந்தது. அது தைரியமல்ல, பயம்தான். ஆனால் முதல் தடவையாகப் பயப்பட வேண்டியதற்குப் பயந்தான்.

"சார், நான் பொய் சொன்னேன் சார். ரெண்டு வருஷமாவே இருக்கு. ஓடினா நீலமாயிரும், குத்தவச்சு உக்காந்துக்கிருவா. நகம் தெரியக்கூடாதுன்னு நாந்தான் மருதாணி போடச் சொன்னேன். நாக்கு செவப்பாத் தெரிய மிட்டாயும் வாங்கிக் குடுத்தேன். ரொம்ப முடியாத புள்ளன்னா நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

சுகுணா தன் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதை நம்பறது நான்? ரெண்டு வாரத்துல மூணு கதை சொல்றீங்க. போன தடவ குழந்தையும் இல்லன்னுதான் சொன்னா" என்றவர் குழந்தையின் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. ஓடினா குந்திக்குவியா?"

"உக்கார மாட்டேன் சார்" என்றாள் வினிதா, போன வாரத்தைவிடத் தெளிவாக.

"நெசத்தைச் சொல்லும்மா, பரவால்ல, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று அவன் பதறினான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஆட்டோவில் பாடம் நடந்தபோதும் அவன் இப்படித்தான் குறுக்கே குறுக்கே சோதித்தான், அவள் ஏமாறவில்லை.

டாக்டர் ஜோதியம்மாளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பிறகு சொன்னார். "படி இருக்கு இல்ல? இறங்கி, மெதுவா நடந்து ஏறி வரட்டும். ஓட வேண்டாம். நீங்க கூடவே போங்க டாக்டர். முடியலன்னா உடனே தூக்கிடுங்க. எனக்கு இன்னும் ஆறு நிமிஷம் லைன் இருக்கு."

ஜோதியம்மாள் வினிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். கமலக்கண்ணனைப் போகவிடவில்லை. அவன் திரைக்கு முன்னால் நின்றபடி படிகளைக் காதால் எண்ணினான். சின்னச் செருப்பின் சத்தம் கீழே இறங்கியது, நின்றது, மேலே ஏற ஆரம்பித்தது. பத்து வரை சீராக வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு படிக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. "தூக்கிக்கட்டுமா கண்ணு?" என்று ஜோதியம்மாள் கேட்பதும், பிள்ளை வேண்டாமென்பதும் கேட்டன. இத்தனை நாளாக இந்த இருபத்திரண்டு படியைத்தான் அவன் எல்லோர் கண்ணுக்கும் மறைத்திருந்தான்.

வினிதா வாசலில் வந்து நின்றாள். உதடு நாவல்பழம் தின்ற வாய்போலக் கறுத்திருந்தது. ஜோதியம்மாளின் கையை உதறிவிட்டு, தள்ளாடியபடி காமிராவுக்கு நேரே வந்து, கை இரண்டையும் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றாள். முட்டி மடங்கப் பார்த்தது. அவள் மடங்க விடவில்லை.

"பாப்பா, உக்காரணும்போல இருக்கா?" டாக்டரின் குரல் மாறியிருந்தது.

"இல்ல... சார்."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற பார்வை. ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு ஏன் நின்றாள் என்பது கமலக்கண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. நோய் முற்றியதால் மட்டும் அவள் விழவில்லை. அவன் சொல்லைக் காப்பாற்றி விழுந்திருக்கிறாள்.

"உக்காரும்மா" என்றான். "உக்காரு சாமி."

"மாட்டேன்... உக்காந்தா... எடுத்துக்க மாட்டாக."

"அப்பா சொன்னது தப்பும்மா. தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. ஜோதியம்மாள் தூக்கக் குனிந்தார், பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு விலகினாள். கமலக்கண்ணன் சட்டென்று தரையில் குத்தவைத்து உட்கார்ந்தான். கம்பெனி யூனிஃபார்மோடு, அத்தனை பேர் முன்னால், காமிராவுக்கு நேரே, முட்டியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

"இந்தா பாரு, அப்பாவே உக்காந்துட்டேன். டாக்டர் பாத்துக்கிட்டுத்தான இருக்காரு? வா, எங்கிட்ட உக்காரு."

வினிதா திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். முட்டி மெல்ல மடங்கியது. அவன் பக்கத்திலேயே குத்தவைத்து, கால்களைக் கட்டிக்கொண்டு, தலையை அவன் விலாவில் முட்டுக்கொடுத்தாள். சின்ன முதுகு ஏறி ஏறி இறங்கியது. ஜோதியம்மாள் ஆக்சிஜன் குழாயை மூக்கருகில் பிடித்தார்.

"போதும்" என்றார் டாக்டர் திரையிலிருந்து. "எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் தேவையில்ல. இது கிருமி இல்ல, பிறவியிலேயே வந்த இதயக் கோளாறு. சுகுணா, எழுதுங்க. அவசரம். நாளைக்குக் காலையில இங்க அட்மிஷன். வர்ற வரைக்கும் குழந்தைய நடக்க விடாதீங்க." லைன் போய்விட்டது.

சுகுணா தாளைக் கொண்டுவந்தாள். ஜோதியம்மாள் படிவத்தில் 'நேற்று முதல்' என்று தான் எழுதியிருந்ததை அடித்து, இரண்டு வருடமாக என்று மாற்றி, தந்தை மறைத்ததாக ஒரு வரியும் சேர்த்துக் கையெழுத்துக்கு நீட்டினார்.

"கார்டு போயிருமா மேடம்?"

"அவசரம்னு அவர் எழுதிட்டார், குழந்தைக்கு இன்சூரன்ஸ் கட்டும். பொய்க்கு உங்களத்தான் கேப்பாங்க, நீங்க பதில் எழுதுங்க. அவளைக் கேக்க மாட்டாங்க."

தரையில் உட்கார்ந்தபடியே அவன் கையெழுத்துப் போட்டான். பொற்கொடி வந்து பிள்ளையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த ஆள் இருமிக்கொண்டு காத்திருந்தார்.

"அப்பா" என்றாள் வினிதா, கண்ணைத் திறக்காமல். "எந்திரிக்கவா?"

"வேணாம்மா. ஒனக்கு எப்ப முடியுதோ அப்ப எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல், வேண்டியமட்டும் உட்கார்ந்திருந்தாள்.